நம்பிக்கைகளும் உண்மைகளும்: நடுநிலை என்றால் ஏழா?

“சார், ஆசிட்டும் அல்கலியும் சரிக்குச் சரி சேர்ந்துவிட்டால் பி.எச். ஏழுதானே? அப்புறம் எந்த இண்டிகேட்டர் போட்டால் என்ன?”

சுங்கைப்பட்டாணியில் போன மாதம் ஒரு மாணவி கேட்டது. கூலிமிலும் இதையே கேட்டேன், பீடோங்கிலும் கேட்டேன். பாடாங் செராயில் ஒரு டியூஷன் நோட்டில் தடித்த எழுத்தில் அச்சாகியே இருந்தது. காது புளித்துவிட்டது. பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. இதை எழுதிக் கொடுப்பவர்கள்மேல்தான்.

ஏழு என்பது நிச்சயமாகப் பொருந்துவது ஒரே ஒரு வகை ஜோடிக்குத்தான்: வன்மையான அமிலமும் வன்மையான காரமும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மில்லிலிட்டர் எடுத்து, அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டிலிருந்து விடுங்கள். 24.95 மில்லிலிட்டரில் பி.எச். சுமார் 4. இன்னும் இரண்டே சொட்டில், 25.05-இல், சுமார் 10. வரைபடத்தில் கோடு சுவர்போல் நிமிர்ந்து நிற்கும். மெத்தில் ஆரஞ்சு, ஃபினால்ஃப்தலீன் என்ற இரண்டு இண்டிகேட்டர்களும் அந்தச் சுவரின் உயரத்துக்குள்ளேயே ஏறக்குறைய நிறம் மாறிவிடும். அதனால்தான் “எதைப் போட்டாலும் சரி” என்று தோன்றுகிறது. பள்ளியில் முதலில் செய்வது இந்தச் சோதனையை. குழப்பம் பிறப்பதும் இங்கேதான்.

அமிலத்தை மாற்றி, அதே 0.1 மோலார் செறிவில் வினிகரின் அசெட்டிக் அமிலத்தை வையுங்கள். மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டால் குடுவை சிவக்கும். ஏழரை மில்லிலிட்டர் காரம் இறங்குவதற்குள் முழு மஞ்சள். “முடிந்தது சார்!” என்று பிள்ளை குழாயை மூடிவிடும். முடியவில்லை அம்மா, வேண்டியது 25! அமிலத்தில் எழுபது விழுக்காடு தொடப்படாமல் அப்படியே கிடக்கிறது. சரிசமமாகும் இடத்தில் பி.எச். 7 அன்று, சுமார் 8.7. உருவான அசெட்டேட், தண்ணீரிடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடை விட்டுவிடுகிறது. கரைசல் காரப் பக்கம் சாய்கிறது. 8.3-க்கும் 10-க்கும் இடையில் நிறம் மாறும் ஃபினால்ஃப்தலீன்தான் இங்கே ஏற்றது.

கெடா பிள்ளைகள் இதில் தடுமாறுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரப்பர் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம், உறையாமல் காக்க அம்மோனியா. தோட்டத்தில் மரம் வெட்டிய தாத்தா பாட்டியைக் கேளுங்கள், அந்த நெடியை இன்றும் சொல்வார்கள். இரண்டுமே வலுக்குறைந்தவை. இரண்டுக்குமே ஏழு பொருந்தாது.

கையுறை ஆலைக்குப் போகும் செறிவூட்டிய ரப்பர் பாலில் அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அளக்கிறார்கள். பி.எச். மீட்டர் வைத்து 6 வரை அமிலம் விடுவார்கள்; கண்ணால் பார்த்துச் செய்தால் மெத்தில் ரெட். அங்கே ஃபினால்ஃப்தலீனைப் போட்டால் என்ன ஆகும்? 0.1 மோலார் அம்மோனியா கரைசல் 25 மில்லிலிட்டரில் செய்து பாருங்கள். நாலு மில்லிலிட்டர் அமிலம் விட்டதுமே இளஞ்சிவப்பு வெளிறத் தொடங்கும். வெளிறும், வெளிறும், எங்கே நிறுத்துவதென்றே தெரியாது. 22.5-இல் நிறம் முழுதும் போய்விடும். உண்மையான முடிவோ 25-இல், பி.எச். சுமார் 5.3-இல். பத்து விழுக்காடு பிழை! 0.70 விழுக்காடு அம்மோனியா 0.63 என்று பதிவாகும்.

மற்ற சில்லறை நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. இண்டிகேட்டர் நிறைய விட்டால் துல்லியம் கூடாது. அதுவும் ஒரு வலுக்குறைந்த அமிலமோ காரமோதான், இரண்டு மூன்று சொட்டு போதும். அடர்ந்த இளஞ்சிவப்பு வெற்றியன்று, காரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். சற்றுநேரத்தில் நிறம் மங்கினால் பதறவேண்டாம், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைகிறது. வலுக்குறைந்த அமிலத்துக்குக் குறைந்த காரம் போதும் என்பதும் பொய். மோல் கணக்கு ஒன்றுதான். அம்மோனியாவை வினிகரால் அளக்க நினைக்காதீர்கள், அங்கே சுவரே எழும்பாது. எந்த இண்டிகேட்டரும் உதவாது.

பெற்றோருக்கு ஒன்று. மாதாமாதம் டியூஷனுக்குக் கட்டுகிறீர்கள். அங்கே ஒரு பியூரெட்டாவது இருக்கிறதா, பிள்ளை அதைக் கையால் தொட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கும் வசதியில்லை என்றால் வரைபடத் தாளுக்குக்கூடவா பஞ்சம்? காரத்தின் கன அளவைக் கீழே, பி.எச்.ஐ மேலே வைத்து, கணக்குப் போட்டு இருபது புள்ளி குறிக்கச் சொல்லுங்கள். கோடு எங்கே நிமிர்கிறதோ, அந்த உயரத்தில் நிறம் மாறும் இண்டிகேட்டரைத் தேர்ந்தெடுக்கட்டும்.

நோட்டு அச்சடிக்கும் ஆசிரியர்களே, அடுத்த பதிப்புக்கு முன் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள்.