ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் கேட்டால் பணம் யார் கொடுப்பது?

வயதான ஒரு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் அனுமதியும் வந்துவிட்டது. எலும்பு டாக்டர், "சுகர் இருக்கு, நெஞ்சு எப்படி இருக்குன்னும் பாக்கணும்" என்கிறார். இதய டாக்டர் வருகிறார், சர்க்கரை நோய் டாக்டர் வருகிறார், பார்த்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் கவுன்ட்டரில், "ஸ்பெஷலிஸ்ட் ரெண்டு பேர் வந்தாங்க இல்ல, அது இன்சூரன்ஸ்ல வராது, தனியா கட்டணும்" என்கிறார்கள்.

கட்ட வேண்டுமா, வேண்டாமா? இந்த இடத்தில் பல குடும்பங்கள் தடுமாறிப்போகின்றன. நகையை அடகு வைத்துக் கட்டுபவர்களும் உண்டு. டாக்டர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் ஆலோசனைக்கு அரசு காப்பீட்டில் பணம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால், இந்தத் தடுமாற்றம் இருக்காது. இந்த மாதம் அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் தெரிய வேண்டிய சொல்: பேக்கேஜ்

நம் மாநிலத் திட்டம் 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் தொடங்கியது. 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா சிகிச்சை கிடைக்கிறது.

இந்தத் திட்டம் ஊசிக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்தமாக ஒரு தொகை முன்பே முடிவாகியிருக்கும். அதைத்தான் பேக்கேஜ் அல்லது தொகுப்புக் கட்டணம் என்கிறோம். கல்யாண சமையலுக்கு 'இலைக்கு இவ்வளவு' என்று பேசிவிட்டால், சாம்பாருக்குத் தனி, பாயசத்துக்குத் தனி என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

அந்த மொத்தத் தொகைக்குள் படுக்கை, செவிலியர் பணி, அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், ஆலோசனை தரும் மற்ற மருத்துவர்கள், ஆபரேஷன் தியேட்டர், மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கும் கருவி, நோயாளியின் சாப்பாடு எல்லாம் அடங்கும்.

அப்போ இதய டாக்டருக்கு யார் கொடுக்கிறாங்க?

மருத்துவமனை கொடுக்கிறது. காப்பீட்டிலிருந்து வரும் மொத்தத் தொகையில் எலும்பு டாக்டருக்கு எவ்வளவு, வந்து பார்த்த இதய டாக்டருக்கு எவ்வளவு என்பது அவர்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய கணக்கு. அந்த டாக்டர் அதே மருத்துவமனையில் வேலை செய்பவராக இருந்தாலும், வெளியிலிருந்து அழைக்கப்பட்டவராக இருந்தாலும் இதுதான் நிலை. அனுமதி பெற்ற சிகிச்சைக்குத் தேவையான ஆலோசனை என்றால், நோயாளியின் குடும்பம் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் இருக்கின்றன. அங்கே நடக்கும் சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்குப் போகிறது. டாக்டர்கள் சம்பளத்தில் இருப்பவர்கள் என்பதால், ஒரு துறை டாக்டர் இன்னொரு துறை டாக்டரை வார்டுக்கு அழைப்பதில் தனிக் கட்டணம் என்ற பேச்சே எழாது.

மொத்தத் தொகையில் ஒரு சங்கடமும் உண்டு

மொத்தத் தொகை என்பதால் நோயாளிக்கு நிம்மதி. ஆனால் இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை டாக்டர்களைக் கேட்டாலும் மருத்துவமனைக்கு வரும் பணம் ஒன்றுதான். அதனால் இன்னொரு டாக்டரை அழைப்பது செலவு என்று ஒரு நிர்வாகம் நினைக்க வாய்ப்பு இருக்கிறது. தேவையான ஆலோசனை தள்ளிப்போனால் பாதிக்கப்படுவது நோயாளிதான்.

அதனால் நீங்களே கேட்கலாம். "டாக்டர், அம்மாவுக்கு பத்து வருஷமா சுகர். அந்த டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. பழைய மருந்துச் சீட்டு, பழைய இ.சி.ஜி., ஒவ்வாமை இருந்தால் அந்த விவரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு டாக்டர் இன்னொருவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இவை பெரிதும் உதவும்.

வேறு மாதிரியும் செய்யலாம்: அமெரிக்க உதாரணம்

டாக்டர்களின் பேச்சுக்கே தனியாகப் பணம் கொடுக்கும் முறையும் உலகில் இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு காப்பீட்டின் பெயர் மெடிக்கேர். முன்பெல்லாம் ஒரு குடும்ப டாக்டர் ஒரு நிபுணருக்குப் போன் போட்டுக் கேட்டால், அந்த நேரத்துக்கு மெடிக்கேர் தனியாகப் பணம் தராது. நோயாளியை நேரில் வரச் சொன்னால்தான் நிபுணருக்குக் கட்டணம். பத்து நிமிடப் பேச்சில் தீரக்கூடிய சந்தேகத்துக்கும் நோயாளி அலைய வேண்டியிருந்தது.

2019 ஜனவரி முதல் இது மாறியது. போனிலோ கணினி வழியாகவோ ஆலோசனை தரும் நிபுணருக்கு, செலவிட்ட நேரத்தைப் பொறுத்துக் கட்டணம் வைத்தார்கள். 5 முதல் 10 நிமிடம், 11 முதல் 20, 21 முதல் 30, அதற்கு மேல் என்று நான்கு படிகள். நோயாளியின் விவரங்களைத் தொகுத்து அனுப்பிக் கேள்வி கேட்கும் டாக்டரின் நேரத்துக்கும் தனியாக ஒரு கட்டணம் உண்டு.

இரண்டு கட்டுப்பாடுகளைக் கவனியுங்கள். அங்கே கட்டணத்தில் பொதுவாக 20 சதவீதம் நோயாளியின் பங்கு. அதனால் பேசுவதற்கு முன்பே நோயாளியின் சம்மதத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, அந்தப் பேச்சின் முடிவில் நோயாளி அதே நிபுணரை 14 நாட்களுக்குள் நேரில் பார்க்கப்போனால், பேச்சுக்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகக் கூடாது என்பதுதான் காரணம். வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் திட்டத்திலும், நோயாளி எதிரில் இல்லாதபோது தரும் ஆலோசனைக்கு நிபுணருக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று 2023 ஜனவரியில் மாநிலங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

அந்த முறையில் ஆலோசனை கேட்க டாக்டருக்குத் தயக்கம் குறையும், ஆனால் நோயாளிக்கும் ஒரு பங்கு செலவு வரும். நம் முறையில் நோயாளிக்குச் செலவில்லை, ஆனால் ஆலோசனை தள்ளிப்போகாமல் கண்காணிக்க வேண்டும்.

போனில், வீடியோவில் கேட்டால்?

இங்கேயும் டாக்டர்கள் தூரத்திலிருந்து ஆலோசனை கேட்கிறார்கள். 2020 மார்ச் 25-ல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளில் இதற்குத் தெளிவான இடம் உண்டு. உங்களுக்கு சிகிச்சை தரும் டாக்டர் இன்னொரு டாக்டரிடமோ நிபுணரிடமோ கேட்கலாம்; ஆனால் சிகிச்சைக்கான பொறுப்பு கேட்டவரிடமே இருக்கும். "அவர் சொன்னார், நான் கொடுத்தேன்" என்று கைகழுவ முடியாது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இ-சஞ்சீவனி வழியாக நிபுணரிடம் பேசும் வசதியும் இருக்கிறது. இது இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களும் பயன்படுத்தலாம். "இங்கிருந்தே ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கேக்க முடியுமா?" என்று உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சமாகலாம்.

இப்படிக் கேட்பது உயிரையும் காக்கும். மாரடைப்பு நோயாளிகளுக்காகத் தமிழ்நாட்டில் நான்கு பெரிய இதய மருத்துவமனைகளோடு சுற்றுவட்டாரச் சிறிய மருத்துவமனைகளை இணைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2,420 பேர் அதில் அடங்கினர். சிறிய மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போகும். அங்குள்ள நிபுணரின் வழிகாட்டலோடு சிகிச்சை தொடங்கும், தேவைப்பட்டால் நோயாளியை மாற்றுவார்கள். ஏழை நோயாளிகளின் செலவுக்கு மாநிலக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதமாக இருந்தது, இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு 14.2 சதவீதமாகக் குறைந்ததாக 2017-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது.

எங்கே நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்?

எல்லாமே இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். தனியார் கிளினிக்கில் புறநோயாளியாகப் பார்க்கும்போது கொடுக்கும் ஆலோசனைக் கட்டணம் பொதுவாக இத்திட்டத்தில் வராது. அனுமதி வாங்கிய சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாமல், நீங்களாக விரும்பி வேறொரு டாக்டரை வரவழைத்தாலும் அது உங்கள் செலவுதான். உள்நோயாளியாக இருக்கும்போது புதிதாக வேறு நோய் தெரியவந்தால், அந்த சிகிச்சைக்கு மருத்துவமனை மறுபடியும் அனுமதி கேட்க வேண்டும். அது வரும்வரை காத்திருங்கள், அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள்.

பணம் கேட்டால் என்ன செய்வது?

1. மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டத் தொடர்பு அலுவலரைப் பாருங்கள். எந்த சிகிச்சைக்கு அனுமதி வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
2. "எதுக்கு இந்தப் பணம்னு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.
3. கட்டியே தீர வேண்டிய நெருக்கடி வந்தால், ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். ரசீதில் காரணம் எழுதியிருக்க வேண்டும்.
4. கட்டணமில்லா எண் 1800 425 3993-ல் அழைத்துப் புகார் சொல்லுங்கள். அட்டை எண், மருத்துவமனை பெயர், சேர்த்த தேதி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
5. அப்படியும் தீரவில்லை என்றால், மாவட்ட ஆட்சியரிடம் ரசீது நகலோடு மனு கொடுங்கள்.

அட்டை இன்னும் வாங்கவில்லையா? வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஓடுவதைவிட, உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது.

படித்தது மனதில் நின்றதா?

கேள்வி: மூளை அறுவை சிகிச்சைக்கு அனுமதி கிடைத்த நோயாளியைச் சிறுநீரக டாக்டர் வந்து பார்த்தார். அவருக்குக் கட்டணம் யார் தர வேண்டும்?
பதில்: சிகிச்சைக்குத் தேவையான ஆலோசனை என்றால், தொகுப்புக் கட்டணத்திலிருந்து மருத்துவமனை.

கேள்வி: சுகாதார நிலைய டாக்டர் வீடியோவில் நிபுணரிடம் கேட்டு மருந்து எழுதினார். பொறுப்பு யாருக்கு?
பதில்: மருந்து எழுதிய சுகாதார நிலைய டாக்டருக்கு.

கேள்வி: தனியார் கிளினிக்கில் காய்ச்சலுக்குப் பார்த்தோம். காப்பீட்டு அட்டையைக் காட்டலாமா?
பதில்: புறநோயாளி ஆலோசனைக்கு அது பொதுவாகப் பயன்படாது. அரசு சுகாதார நிலையத்தில் அதே சிகிச்சை இலவசம்.

மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்கள், 1800 425 3993 என்ற எண்ணை இப்போதே போனில் பதிந்துவைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சொல்லிவிடுங்கள்.