பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்கள் ஏன் பேசவில்லை?

கேள்வி: புதிதாக 55 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கியிருக்கிறோம். வீட்டில் ஏற்கெனவே இருந்த 5.1 ரிசீவரோடு ஆப்டிகல் கேபிளில் இணைத்தேன். ஓடிடியில் 5.1 என்று போட்டிருக்கும் படத்தை ஓடவிட்டாலும் முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கரில்தான் சத்தம் வருகிறது. ரிசீவர் பழசு, இ-ஏஆர்சி உள்ளதாக மாற்றிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா சார்?
– வாசகர், மதுரை

பதில்: அவசரப்பட்டுப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். முதலில் ரிசீவரின் மெனுவில் டெஸ்ட் டோன் போட்டுப் பாருங்கள். பின் ஸ்பீக்கர்களில் இரைச்சல் கேட்டால் ஒயரிங்கில் குறையில்லை. அடுத்து, படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்று கவனியுங்கள். 'பிசிஎம்' என்றிருந்தால் டிவியே ஒலியை ஸ்டீரியோவாகச் சுருக்கி அனுப்புகிறது. உங்கள் வீட்டில் நடப்பது அநேகமாக இதுதான்.

ஆப்டிகல் கேபிளில் பிசிஎம் ஒலி இரண்டு சேனலுக்கு மேல் போகாது. ஆறு சேனலும் போக வேண்டுமானால் டால்பி டிஜிட்டல் போலச் சுருக்கப்பட்ட வடிவில் போக வேண்டும். பல டிவிகள் கடையிலிருந்து வரும்போதே பிசிஎம்மில்தான் இருக்கும். சவுண்ட் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்ற இடத்துக்குப் போய் 'பாஸ்-த்ரூ', 'பிட்ஸ்ட்ரீம்', 'டால்பி டிஜிட்டல்' இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். ஓடிடி செயலியில் ஆடியோ மொழியைத் தேர்ந்தெடுக்கும்போதும் 5.1 என்று குறித்த டிராக்கையே எடுங்கள். ஒரே படத்துக்குத் தமிழ் ஸ்டீரியோவிலும் இன்னொரு மொழி 5.1-லும் இருப்பதுண்டு. முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' வந்துவிட்டால் பின் ஸ்பீக்கர்களும் பேசும். அப்போதும் பேசாவிட்டால் ரிசீவர் 'ஸ்டீரியோ' மோடில் நிற்கிறதா என்று பாருங்கள்.

ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட் துளையில் ஏஆர்சி என்று அச்சிட்டிருந்தால் ஆப்டிகலை விட்டு அதற்கே மாறுங்கள். டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இந்த வசதி 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 முதல் உண்டு. டிவியிலும் ஏஆர்சி என்று குறித்த துளையில்தான் கேபிளைச் செருக வேண்டும். ஒரு கருவி இன்னொன்றைக் கட்டுப்படுத்த உதவும் சிஇசி-யை இரண்டிலும் ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதற்கு எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜியில் சிம்ப்லிங்க் என்றும் பெயர். டிவி ரிமோட்டிலேயே ரிசீவரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

புளூ-ரே பிளேயர் இருந்தால் அதை டிவியில் செருகாமல் நேரே ரிசீவரில் செருகுங்கள். எச்டிஎம்ஐ வழியே வரும் ஒலியைச் சில டிவிகள் ஆப்டிகலில் ஸ்டீரியோவாகவே வெளியே விடும். செட்டாப் பாக்ஸில் பெரும்பாலான சேனல்கள் ஸ்டீரியோதான். அதற்கு, ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துத் தரும் ரிசீவரின் 'புரோ லாஜிக்' மோட் போதும்.

இ-ஏஆர்சி தேவைப்படுவது, டிவியில் செருகிய பிளேயரிலிருந்து டால்பி ட்ரூஎச்டி போன்ற தரம் குறையாத ஒலியை ரிசீவருக்குக் கொண்டுவரத்தான். கூரையில் ஸ்பீக்கர் மாட்டி அட்மாஸ் கேட்க நினைக்கும் நாளில் புது ரிசீவரைப் பற்றி யோசியுங்கள்.