குமரிக் கரைவழி

மாணவர்களே! குமரிமுனையினின்று குளச்சல் நோக்கிக் கரைவழியே விரைந்து செல்வோர் நீலக்கடலை மட்டுமே காண்பர். ஆங்காங்கே நின்று செல்வோர் நாட்டின் வரலாற்றையும் காண்பர்.

நாஞ்சில் நாட்டு வயல்களை வளமுறச் செய்யும் பழையாறு, மணக்குடியில் கடலொடு கலக்கின்றது. 2004ஆம் ஆண்டு எழுந்த ஆழிப்பேரலை அங்கிருந்த பாலத்தைப் பெயர்த்தெறிந்தது. உயிர்கள் பலவற்றையும் கவர்ந்தது. முட்டத்துப் பாறைமீது நிற்கும் கலங்கரை விளக்கம் கடலோடிகட்கு வழிகாட்டுகின்றது. மணவாளக்குறிச்சிக் கருமணலில் தோரியம் பொதிந்த மோனசைட்டு உள்ளது. குளச்சலிலோ, 1741ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் படை ஒல்லாந்தரை வென்றது. அவ்வெற்றித் தூண் இன்றும் நிற்கின்றது.

ஆதலின், இவ்வழிச் செல்லுங்கால் விரைவைக் குறையுங்கள். வலை உலர்த்தும் மீனவரிடம் அன்போடு வினவுங்கள். வாழ்வும் இழப்பும் ஒருங்கே தந்த கடல் இஃது என்பதை அவர்தம் வாய்மொழியால் உணர்வீர்கள்.