ஆலைச் சங்கும் நம் ஊரும்



பட்டணத்தார் எவரேனும் "உன் ஊர் எது?" என்று வினவினால், நம் மாணவருட் பலர் சற்றே தயங்கி, "குளுவாங் பக்கம்" என்று கூறி நிறுத்திக்கொள்வதைக் கண்டிருக்கிறோம். தோட்டத்தின் பெயரைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். நாமும் சிறுவயதில் அவ்வாறே விடையளித்தவர்தாம். ஆதலின், இவ்வாண்டு மலரில் நம் ஊரையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்வது தக்கது எனக் கருதினோம். ஆலையைச் சுற்றி அமைந்த ஊரில் வாழ்வது எத்தகையது? அஃது ஏன் இவ்விடத்தில் அமைந்தது? அவ்வூர் நமக்குத் தருவது யாது? நம்மிடமிருந்து கேட்பது யாது? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஊர் இங்கே அமைந்தது ஏன்?

செம்பனை நம் நாட்டு மரமன்று. ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதிக்குரியது. 1848ஆம் ஆண்டில் நான்கு கன்றுகள் ஜாவாவிலுள்ள போகோர் தாவரப் பூங்காவில் நடப்பெற்றன. மலேசியாவில் வாணிக நோக்கில் அமைந்த முதல் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் உருவாயிற்று. அதனை நிறுவியவர் என்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். ஜொகூரிலோ நெடுங்காலம் ரப்பரே கோலோச்சியது. நம் பாட்டனார் காலத்தில் தோட்டமென்றால் அது பால்மரக்காடுதான். ரப்பரின் விலை தளர்ந்தபோது ஒவ்வொரு தோட்டமாகச் செம்பனைக்கு மாறியது. 1961இல் கூலாய்க்கு அருகே தாயிப் அண்டாக் குடியேற்றத்தில் பெல்டா நிறுவனம் தன் முதல் செம்பனைத் திட்டத்தைத் தொடங்கியது.

தோட்டம் இருந்தால் அதனுள்ளேயே ஆலையும் இருக்கவேண்டுமோ? நெல்லை மூட்டையாகக் கட்டித் தொலைவிலுள்ள ஆலைக்கு அனுப்புவது போலச் செம்பனைக் குலையையும் அனுப்பலாகாதா? ஆகாது. குலை வெட்டுண்டு விழுந்து பழம் அடிபட்டதும், பழத்திலுள்ள ஒருவகை நொதிப்பொருள் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும். அவ்வமிலம் நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டினால் எண்ணெயின் தரம் தாழ்ந்துவிடும். எனவே, வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலையைச் சென்றடைய வேண்டும் என்பது தோட்டத்தின் விதி. பழம் காத்திராது, ஆதலால் ஆலை பழத்தைத் தேடி வந்தது. ஆலையை இயக்க ஆட்கள் வேண்டும். ஆதலால் லயங்கள் எழுந்தன. லயத்தில் பிள்ளைகள் பிறந்தனர். ஆதலால் பள்ளி எழுந்தது. கோயிலும், ஆயா கொட்டகையும், மளிகைக் கடையும், பந்துத் திடலும் இவ்வாறு வந்தவையே.

ஆலைக்குள் நடப்பது

நாள்தோறும் நம் பள்ளி வாயிலைக் கடந்து செல்லும் லோரிகளை மாணவர்கள் எண்ணியிருப்பர். அவற்றிலுள்ள குலைகள் யாவும் எடைமேடையில் நிறுக்கப்பட்டு, இரும்புக் கூண்டு வண்டிகளில் கொட்டப்படுகின்றன. அக்கூண்டுகள் தண்டவாளத்தின்மீது உருண்டு, நீண்ட உருளைக் கலனுக்குள் நுழைகின்றன. அங்கே ஏறத்தாழ 140 பாகை வெப்பமுள்ள நீராவியில் ஒன்றரை மணி நேரம்வரை குலைகள் வேகின்றன. எண்ணெயைச் சிதைக்கும் நொதி அத்துடன் அழிகிறது. நம் லயங்களில் அடிக்கும் வேகவைத்த பழத்தின் மணம் அங்கிருந்து வருவதே.

வெந்த குலையைச் சுழலும் பேருருளை உதறிப் பழத்தைப் பிரிக்கிறது. திருகு அழுத்தி பழத்தைப் பிழிகிறது. நூறு கிலோ குலைக்குச் சுமார் 20 கிலோ எண்ணெயும், 5 கிலோ பருப்பும் கிடைக்கும். எஞ்சிய நாரும் ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாகின்றன. வெறுங்குலை மீண்டும் மரத்தடிக்கே எருவாகச் செல்கிறது. தன் கழிவைத் தானே எரித்துத் தன் நீராவியைத் தானே ஆக்கிக்கொள்ளும் திறம் இவ்வாலைக்கு உண்டு. எண்ணெய் தொட்டி லோரியில் ஏறிப் பாசிர் கூடாங் வரை சென்று, அங்குச் சுத்திகரிக்கப்பட்டுக் கப்பலேறுகிறது. தொலைதூர நாட்டு மாணவன் ஒருவன் கைகழுவும் சவர்க்காரத்தில் நம் தோட்டத்துப் பழமும் கலந்திருக்கக்கூடும்.

குளுவாங்கில் இறங்கிய வண்டு

நம் மாவட்டத்தில் நிகழ்ந்த ஓர் அரிய செய்தியை இங்கே கூறவேண்டும். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே, வெவ்வேறு காலத்தில் மலர்வன. மகரந்தத்தைக் காற்றே கொண்டு சேர்க்கிறது என்று முன்னாளில் நம்பினர். ஆயின் நம் நாட்டில் காய்ப்பு போதவில்லை. ஆதலால் பல தோட்டங்களில் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், மகரந்தப் பொடியை முகப்பூச்சு மாவுடன் கலந்து பூவின்மேல் ஊதி வந்தனர். எம் அன்னையாரும் அவ்வேலை செய்தவரே. மாலையில் அவர் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும்.

பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையது, ஆப்பிரிக்காவின் கமரூன் நாட்டில் ஆராய்ந்து, மகரந்தத்தைச் சுமப்பது காற்றன்று, சிறியதொரு கூன்வண்டே என்று காட்டினார். அவ்வண்டு பிற பயிர்களுக்குத் தீங்கு செய்யாது எனச் சோதித்தறிந்த பின்னர், 1981 பிப்ரவரியில் குளுவாங்கிலுள்ள மாமோர் தோட்டத்தில் அது முதன்முதலாக விடப்பட்டது. விரைவிலேயே அது தீபகற்பமெங்கும் பரவியது. குலைகள் பருத்தன, ஆலைகளுக்குப் பழம் பெருகியது. கையால் மகரந்தம் ஊதும் வேலை அடியோடு மறைந்தது. அப்போது நாம் ஐந்தாம் ஆண்டு மாணவர். எம் அன்னையார் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு மாறினார். ஒரு வண்டு நாட்டிற்கு வளம் சேர்த்தது; எம் வீட்டிலோ முதுகுவலியைச் சேர்த்தது. முன்னேற்றம் எல்லார் வாயிலிலும் ஒரே முகத்துடன் வந்து நிற்பதில்லை என்பதை நாம் அன்று அறிந்தோம்.

சங்கொலியும் நீரும்

ஆலை ஊரில் கடிகாரம் வேண்டுவதில்லை. சங்கு ஊதினால் முறை மாறுகிறது என்று குழந்தையும் அறியும். விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் தந்தை, இரவு முறை முடித்து வரும் அண்ணன், இருவருக்குமிடையே அடுப்பை அணையவிடாத தாய் என்று ஒரு வீட்டிலேயே மூன்று பொழுதுகள் நடக்கின்றன. விளைச்சல் மிகுந்த மாதங்களில் இரவெல்லாம் இயந்திர ஓசை கேட்கும். ஓசை நின்றுவிட்டால்தான் நமக்கு விழிப்பு வரும், "ஆலையில் என்ன கோளாறோ?" என்று லயத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வர்.

நலங்களும் உண்டு. ஒரு வீட்டில் துக்கம் என்றால் சங்கைக் காட்டிலும் விரைவாகச் செய்தி பரவும். சமைத்த சோறு பத்து வீட்டிலிருந்து வரும். திருவிழாவில் மலாய்க்கார நண்பரும் சீனக் கடைக்காரரும் பந்தலில் அமர்ந்து உண்பர். இக்காலத்தில் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரும் நம் அண்டை வீட்டாரே. கடல்கடந்து வந்தவர் வழியில் பிறந்த நாம், அவர்களை அயலாராக எண்ணுதல் முறையன்று.

ஆலை தரும் கேட்டையும் மறைக்கலாகாது. ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளியாகிறது. அக்கழிவில் நஞ்சு சேர்க்கப்படுவதில்லை. எனினும் அது மக்கும்போது நீரிலுள்ள உயிர்வளியை உண்டுவிடும். மீன்கள் மூச்சின்றி மாளும். 1970களில் நம் நாட்டு ஆறுகள் பல இவ்வாறு கெட்டன. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகளும் வந்தன. அக்கழிவு உண்ணும் உயிர்வளி லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுமுன் அதனை 100க்குக் குறைக்கவேண்டும் என்பது விதியாயிற்று. ஆலைக்குப் பின்புறம் வரிசையாகக் காணும் குளங்கள் அதற்காகவே வெட்டப்பட்டன. குளம் நிரம்பி வழிந்தால் அதனை முதலில் முகர்பவர் நாமே. 2019இல் ஜொகூர் ஆற்றில் அமோனியா மிகுந்து, நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டபோது, பட்டணத்தாரும் வாளியுடன் வரிசையில் நின்றனர். ஆற்று நீரைக் காப்பது எல்லார்க்கும் உரிய கடமை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஒரு மாணவனும் ஒன்பது சாக்கும்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுவோம். சென்ற விளைச்சல் காலத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரு வாரங்கள் பள்ளிக்கு வரவில்லை. இடையில் ஒருநாள் வந்தபோது, காலைக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டோம். "உதிரிப்பழம் பள்ளியைவிடப் பெரிதோ?" என்றோம். அவன் தலை குனிந்தான். மறுநாள் மீண்டும் வரவில்லை.

அன்று மாலை அவன் வீட்டிற்குச் சென்றோம். தந்தையார் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். "ஐயா, உதிரியைப் பொறுக்காமல் விட்டால் கூலியில் பிடித்துவிடுவார்கள். இவன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. நான் கூப்பிடவில்லை, ஐயா. இவனாகவே பின்னால் வந்தான். ஆனால் நான் தடுத்திருக்க வேண்டும்" என்றார். மூலையில் நின்ற மாணவனிடம், "எத்தனை சாக்கு தம்பி?" என்று கேட்டோம். "ஒன்பது ஐயா. சாக்குக்கு நாற்பது கிலோ. முந்நூற்று அறுபது" என்று இமைக்குமுன் விடை கூறினான். பெருக்கல் கணக்கில் தடுமாறுகிறவன் என்று நம் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்த மாணவன் அவனே!

நமக்கு வெட்கமாயிற்று. எம் அன்னையார் பின்னே சாக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த நாள்களை நாம் எவ்வாறு மறந்தோம்? அவ்வாறு நடந்ததனாலன்றோ அவ்வாண்டுத் தேர்வில் நாம் பின்தங்கினோம்? மறுநாள் அவனைத் தனியே அழைத்து, கூட்டத்தில் கடிந்தது தவறு என்று கூறினோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் அவ்வீட்டிற்குச் சில நாள் உதவினர். பிற்பகலில் விட்டுப்போன பாடங்கள் நடத்தப்பட்டன. தாயார் நலம்பெற்றார். எனினும் அவ்விரு வாரங்களில் வகுப்பில் நடந்த பின்னக் கணக்கு இன்றும் அவனுக்குத் தடுமாற்றமே. போன நாளை முழுதும் மீட்டுத்தர எந்த ஆசிரியராலும் இயலவில்லை.

பெற்றோர்களே, வெட்டிய குலை ஒருநாள் தாமதித்தால் எண்ணெய் கெடும் என்பதை நம்மைவிட நீங்கள் நன்கறிவீர்கள். வகுப்பறையில் இழந்த நாளும் அத்தகையதே. தொடக்கக்கல்வி 2003 முதல் நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் சட்டத்தைக் காட்டி உங்களை அச்சுறுத்த நாம் விரும்பவில்லை. வீட்டில் நோயோ, வேலை நெருக்கடியோ நேர்ந்தால் பள்ளிக்கு ஒரு சொல் சொல்லியனுப்புங்கள். பிள்ளையை நிறுத்துவதற்குமுன் எங்களிடம் வாருங்கள். நாங்களும் கடிவதற்குமுன் உங்கள் வீட்டிற்கு வருவோம்.

மற்றொன்றும் கூறவேண்டும். லயத்து வீடு வேலையோடு வந்தது. ஓய்வு பெறும் நாளில் வேலையோடு போவது. 1960இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது, தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நிலமற்று நின்றதனாலேயே. அன்று மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்தவர்கள் பங்குதாரராயினர். இன்று ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டிற்கெனப் பணமெடுக்க வழியுண்டு. சிறியதாயினும் சொந்த வீட்டை நாற்பது வயதிலேயே எண்ணுங்கள், ஐம்பத்தைந்தில் அன்று. 1957இல் நம் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. குடும்பங்கள் பட்டணம் பெயர்வதைத் தடுக்க நாம் யார்? பெயர்ந்து செல்லும் பிள்ளை, கையில் கல்வியுடன் செல்லவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குச் சில பணிகள்:

1. ஒரு மணி நேரத்தில் பள்ளி வாயிலைக் கடக்கும் லோரிகளை எண்ணிக் குறித்து வருக.

2. நூறு கிலோ குலைக்கு 20 கிலோ எண்ணெய் என்றால், 8 டன் ஏற்றிய லோரி எவ்வளவு எண்ணெயைச் சுமந்து செல்கிறது? கணக்கிடுக.

3. செம்பனை ஆண் பூவை முகர்ந்து பார்க்க. அதில் சோம்பின் மணம் வரும். அங்கே ஊரும் வண்டினைப் படம் வரைக.

4. வீட்டிலுள்ள மூத்தவரிடம், "நீங்கள் முதன்முதலில் செய்த வேலை எது?" என்று கேட்டு, அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதி வருக.

இப்பணிகளை முடித்தபின் எவரேனும் "உன் ஊர் எது?" என்று கேட்டால், நம் தோட்டத்தின் பெயரைத் தலை நிமிர்ந்து கூறுக. அதன் வரலாற்றை விளக்கும் அறிவு அப்போது உங்களிடம் இருக்கும்.