“புரிஞ்சுது மிஸ்!” என்றால் புரிந்ததாகுமா?

பாடத்தை முடித்துவிட்டு ஆசிரியர் “புரிஞ்சுதா?” என்பார். “புரிஞ்சுது மிஸ்!” என்று வகுப்பே ராகம் இழுத்துச் சொல்லும். பள்ளி, பெற்றோர், டியூஷன் சென்டர் எல்லாம் அந்தப் பதிலை நம்பித்தான் நடக்கின்றன. அறிவியல், கணிதக் கற்பித்தலை ஆராய்பவர்கள் சந்தேகப்படுவதோ அதைத்தான்.

நம்பிக்கை: தெளிவாக விளக்கினால் தானாகப் புரிந்துவிடும்.

மாணவர் யாரும் வெறும் தலையோடு வகுப்புக்கு வருவதில்லை. 1987இல் வெளியான ‘எ பிரைவேட் யூனிவர்ஸ்’ ஆவணப்படத்துக்காக, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர், பேராசிரியர், முன்னாள் மாணவர் என 23 பேரிடம் பருவங்கள் ஏன் மாறுகின்றன, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்ற இரண்டில் ஒன்றைக் கேட்டார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். கோடையில் பூமி சூரியனை நெருங்குகிறது என்பது அடிக்கடி வந்த பதில். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிப் பனியில் போர்வையை இழுத்துக்கொள்ளும்போது: தூரம் சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலைத் தொடக்கத்தில் அது 15.2 கோடி கி.மீ. பருவங்களை உண்டாக்குவது பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பது. அப்படிப் பதில் சொன்னவர்கள் இதைப் படிக்காதவர்களா? அடுப்பை நெருங்கினால் சுடும் என்ற சிறுவயது அனுபவம், பாடத்துக்கு முன்பே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது.

எரிக் மஜூரின் கதை இன்னும் சங்கடமானது. அவர் ஹார்வர்டில் இயற்பியல் நடத்தியவர். மாணவர்களிடம் நல்ல பெயர். அவர்களும் தேர்வில் கடினமான கணக்குகளைப் போட்டார்கள். கற்பித்தல் ஆய்வாளர்கள் ஹலூன், ஹெஸ்டனஸ் இருவரும் எழுதிய கட்டுரைகள் 1990இல் அவர் கண்ணில் பட்டன. வழக்கமான விரிவுரை, விசை பற்றி மாணவர் மனத்தில் ஊறிய எண்ணங்களைப் பெரிதாக அசைப்பதில்லை என்றன அவை. ‘என் மாணவர்கள் அப்படியில்லை’ என்ற நம்பிக்கையில், அந்தக் கட்டுரைகளில் சொன்ன சோதனையைத் தன் வகுப்பிலும் வைத்தார். கனமான லாரியும் சிறிய காரும் மோதினால் எதன்மீது அதிக விசை என்பது போன்ற, கணக்கே போடத் தேவையில்லாத கேள்விகள். விசை இரண்டின் மீதும் ஒரே அளவுதான். கார் அதிகம் வீசியெறியப்படக் காரணம் அதன் நிறை குறைவு என்பதே. நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களும் இதில் சறுக்கினார்கள். நீங்கள் கற்றுத்தந்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒருவர் கேட்டாராம். கல்வி பற்றி நான் அறிந்த மிக நேர்மையான கேள்வி இது.

மஜூர் முறையை மாற்றினார். ஒரு கேள்வி, தனித்தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி விடை. இப்படிப்பட்ட முறைகள் பலன் தருகின்றனவா என்று ரிச்சர்ட் ஹேக் 1998இல் அமெரிக்காவின் 62 வகுப்புகள், 6,542 மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்துப் பார்த்தார். தொடக்கத்தில் தெரியாதிருந்ததில், விரிவுரை வகுப்புகள் சராசரியாக 23 சதவீதத்தையே ஈட்டித்தந்தன. மாணவர் யோசித்து விவாதித்த வகுப்புகளில் அது 48 சதவீதம். குழுவாக உட்காரவைத்து சார்ட் ஒட்டச் சொல்வது இந்தக் கணக்கில் சேராது. மூளைக்கு வேலை வைக்கும் கேள்வி வேண்டும்.

நம்பிக்கை: ஒரே வகைக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டால் கை வந்துவிடும்.

பயிற்சி செய்யும்போது வரும், அடுத்த வாரம் போய்விடும். டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு திண்ம உருவங்களின் கனஅளவைக் கணக்கிடக் கற்றுத்தந்தார்கள். 2007இல் வெளியான ஆய்வு இது. வகை வகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நிலைமை தலைகீழ்: முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. காரணம் எளிது. ‘பயிற்சி 4.2’ என்ற தலைப்பைப் பார்த்ததுமே எந்தச் சூத்திரம் என்று தெரிந்துவிடுகிறது. எதைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் வருவதே இல்லை.

நம்பிக்கை: சில பிள்ளைகளுக்குப் பார்த்தால் புரியும், சிலருக்குக் கேட்டால்தான் புரியும்.

இந்த வகைப்பாட்டின்படி பாடம் நடத்துவதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் உளவியலாளர் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். வடிவியலுக்குப் படம் எல்லாருக்கும் வேண்டும். இந்த வகைப்பாட்டுக்கென நடக்கும் பயிலரங்குகளுக்குச் செலவழிப்பது வீண்.

நம்பிக்கை: நன்றாகக் கற்றோமா என்பது கற்றவருக்கே தெரியும்.

2019இல் லூயி டெலோரியர் குழு ஹார்வர்ட் இயற்பியல் மாணவர்களை இரண்டாகப் பிரித்தது. பாடம் ஒன்று, கையேடும் ஒன்று. ஒரு பிரிவுக்கு வழுக்கிக்கொண்டு போகும் விரிவுரை, இன்னொன்று தானே முட்டி மோதிச் செய்து பார்க்க வேண்டும். சோதனையில் அதிகம் எடுத்தது முட்டி மோதியவர்கள். ஆனால் அதிகம் கற்றதாக உணர்ந்ததோ விரிவுரை கேட்டவர்கள். திணறுவதையே புரியாமைக்கு அடையாளம் என்று மாணவர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மயக்கத்தைக் கல்விப் பருவத்தின் தொடக்கத்திலேயே மாணவரிடம் விளக்கிச் சொன்னபோது, முட்டி மோதிக் கற்கும் வகுப்புகள் மீது அவர்களுக்கிருந்த மனக்குறை குறைந்தது.