நாரையும் நெய்தற் சிறாரும்

மயிலிட்டிக் கரையில் வலை உலருமிடத்து அசையாது நிற்கும் நாரையை நம் மாணாக்கர் காண்கின்றனர். 1990 ஆம் ஆண்டிற் குடிபெயர்ந்து, 2017 இல் துறைமுகம் விடுவிக்கப்பட்டபின் மீண்டோருடைய பிள்ளைகட்கு அக்காட்சி புதிதுமாம். சமயபாடத்திற்கு அதனை வாயிலாக்குதல் ஆசிரியர்க்கு எளிது.

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்திலே, தான் வாழ்ந்த தடாகம் வற்றப் பசித்து வந்த நாரையொன்று மதுரைப் பொற்றாமரையை அடைந்தது. அங்கே நீரிற் புரளும் மீன்களை அஃது உண்ணாது நின்றது. பின்னர் வரும் தன் இனமும் அப்பிழை செய்யாமைப்பொருட்டு, அவ்வாவியில் மீன்களே இல்லாதொழிக என வரமும் வேண்டிற்று.

ஈண்டு ஓர் இடருண்டு. மீன் கொள்ளுதல் பாவம் என்றமட்டில் ஆசிரியர் நிறுத்துவாராயின், விடியுமுன் கடலேகிய தந்தையை நினைந்து பிள்ளை தலைகுனியும். அங்ஙனங் கற்பித்தலை நாம் உடன்படோம். நாகப்பட்டினத்து அதிபத்த நாயனாரும் பரதவர் குலத்தவரன்றோ! நாடோறும் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டவர், ஒரு மீனே அகப்பட்ட வறுமைநாளினும் அதனை விட்டார். பொன்மீன் அகப்பட்டபோதும் விட்டார். நாரை வென்றதும் பசியையே, நாயனார் வென்றதும் பசியையே.

ஆதலின் இவ்விரு சரிதங்களும் ஒரேநாளிற் சொல்லப்படுக. ஒற்றை மீனோடு கரையேறும் நாள் எத்தகையது என்பதை அப்பிள்ளைகள் நம்மினும் நன்கறிவர். அவரையே சொல்லச் செய்க.