20 மில்லிமீட்டர் தோல்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியதும் மேல் இமைத் தோல் தளர்ந்து இமைமயிர்மேல் படிந்துவிட்டது. புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் ஷிப்ட் முடியும்போது நெற்றி வலிக்கும். கடைசியில் அந்தத் தோலை வெட்டியெடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். லைனில் இதே அவஸ்தையோடு நிற்கிற பலர், அழகு ஆபரேஷன் என்று பேர் வந்துவிடுமோ எனக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொங்குவது தோலா, இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும். தசை என்றால் அது டோசிஸ். தோலை மட்டும் வெட்டினால் சரியாகாது. இதைப் பிரித்துச் சொல்ல இமை ஆபரேஷன் செய்யும் கண் மருத்துவர், அதாவது ஓக்குலோபிளாஸ்டி மருத்துவர் வேண்டும். அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. அழகுக்கான ஆபரேஷனுக்கு மெடிக்ளெய்ம் பணம் தராது. பார்வையை மறைக்கிறது என்றால், இமையை டேப் ஒட்டித் தூக்கியும் ஒட்டாமலும் பார்வைப் பரப்பை அளக்கும் பீல்ட் டெஸ்ட் எடுத்து அந்த ரிப்போர்ட்டோடு கேட்டுப் பாருங்கள்.

என்னை உட்காரவைத்துத்தான் வெட்ட வேண்டிய இடத்தில் கோடு போட்டார் மருத்துவர். படுத்தால் தோல் பின்னால் சரிந்து அளவு மாறிவிடுமாம். கையில் சின்ன காலிப்பர். புருவத்துக்கும் இமைமயிருக்கும் நடுவே சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் தூங்கும்போது கண் மூடாது என்றார். நாளெல்லாம் அளவு பார்க்கிறவன் நான். எவ்வளவு வெட்டுவார் என்பதைவிட எவ்வளவு விட்டுவைப்பார் என்று அவர் சொன்னதில்தான் நம்பிக்கை வந்தது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டார்கள், வெட்டியது தெரியவில்லை.

முதல் ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே துணையோடு தங்குங்கள். கடும் வலி, கண் பிதுங்குவது, பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வையே போய்விடக்கூடும். அந்த நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையணை உயரம். தையலை ஒரு வாரத்துக்குள் பிரிப்பார்கள். உடனே வேலைக்குப் போகலாம் என்று தோன்றும். நம் ஊரில் அது சரிப்படாது. இமை முழுசாக மூடாமல் கண் வறண்டிருக்கும் நாட்களில் வாலாஜாபாத் சாலைப் புழுதியும் பைக் காற்றும் கண்ணுக்கு ஆகாது. கம்பெனி பஸ்ஸில் போங்கள், ஜன்னலோரம் வேண்டாம். ஏர் கன்னால் தூசி ஊதுகிற இடத்திலும் கிரைண்டிங்கிலும் நிற்காதீர்கள். இறுக்கமான காகிள்ஸ் தையல் போட்ட இடத்தில் அழுத்தும். கொஞ்ச நாள் மேசை வேலை கேட்டு வாங்குங்கள், மருத்துவர் சீட்டு காட்டினால் சூப்பர்வைசர் புரிந்துகொள்வார். சொட்டு மருந்து சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

ஒரு கண்ணில் வீக்கம் சீக்கிரம் வடியும், மற்றதில் தாமதமாக வடியும். கோணலாகிவிட்டதோ என்று பயந்து திருத்தச் சொல்லி ஓடாதீர்கள். தழும்பு மங்கி மடிப்புக்குள் மறைய மாதக்கணக்கில் ஆகும்.